டிரைவர் தூங்க சட்டம் உண்டு, நேரம்தான் இல்லை! நெல்லை லாரிகளைத் துரத்தும் புதுப்புது விதிகள்

நெல்லை,

லாரி டிரைவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம்?

சட்டம் சொல்லும் பதில்: 8 மணி நேரம்.

நெல்லையில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 625 கிலோ மீட்டர். பாரம் ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 45 கிலோ மீட்டர் ஓடினால் 14 மணி நேரம் ஆகும். டீ குடிக்க, டயர் தட்டிப் பார்க்க, டோல்கேட்டில் நிற்க ஆகும் நேரம் தனி.

அப்படியானால் ஒரே டிரைவர் ஒரே மூச்சில் சென்னை போய்ச் சேர்வது சட்டப்படி முடியாத காரியம். ஆனால் தினமும் நடக்கிறது!

கடந்த சில ஆண்டுகளில் லாரித் தொழிலுக்கு வந்த விதிகள் கொஞ்சநஞ்சம் அல்ல. பாரத்துக்கு ஒரு விதி, பர்மிட்டுக்கு ஒரு விதி, லைசென்சுக்கு ஒரு விதி, விபத்துக்கு ஒரு விதி, கேபினில் ஏ.சி. வைக்கவும் ஒரு விதி.

இவற்றில் எது டிரைவரைக் காப்பாற்றுகிறது? எது அவர் தலையில் விழுகிறது? விவரம் வருமாறு:–

தாமிரபரணிக் கரையின் லாரிகள்

நெல்லைச் சீமையில் லாரி ஓடாத பிழைப்பே இல்லை.

தாழையூத்து சங்கர் நகரில் இருந்து சிமெண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் இருந்து தொழிற்சாலை சரக்கு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் நெல்லும் அரிசியும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைத்தார். முக்கூடல் பக்கம் பீடி. பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமாகக் கண்டெய்னர்கள்.

வடக்கே மதுரைக்கும் தெற்கே கன்னியாகுமரிக்கும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே தூத்துக்குடிக்கு 138-ம் நம்பர். மேற்கே தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் தாண்டினால் கேரளா.

காலையில் நீங்கள் கடையைத் திறக்கும்போது வாசலில் இறங்கிக் கிடக்கும் மூட்டை, ராத்திரி யாரோ ஒருவர் கண் விழித்துக் கொண்டு வந்தது. அதனால்தான் டிரைவருக்கு வரும் சட்டம் கடைக்காரருக்கும் சேர்ந்த சட்டம்.

"எட்டு மணி நேரம்" – யார் சொன்னது?

இது நேற்று வந்த விதி அல்ல. 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஓட்டும் நேரத்துக்கு வரம்பு இருந்தது.

பிறகு 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது சொன்னது இதுதான்:

நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வண்டி என்றால் சில நிபந்தனைகளோடு நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதில் ஒரு பொடி வைத்திருந்தார்கள். 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒற்றை லாரி முதலாளியிடம் இருக்கும் டிரைவரும் கிளீனரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் (அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1) இந்த ஓட்டையை அடைத்தது. அதன் 91-வது பிரிவு, போக்குவரத்து வாகனத்தை ஓட்டும் எவருக்கும் 1961-ம் ஆண்டு சட்டத்தில் உள்ள வேலை நேரம்தான் என்று சொல்லிவிட்டது.

அடுத்த மாற்றம் 2025 நவம்பர் 21-ந் தேதி. அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அமலுக்கு வந்தன. 1961-ம் ஆண்டு சட்டம் தனிச் சட்டமாக இல்லாமல், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 8 மணி நேரம் அங்கேயும் இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் இருக்கிறது.

ஆனால் 5 பேர் என்ற கணக்கு 10 பேர் என்று ஆகிவிட்டது! இரண்டு மூன்று லாரி வைத்து நடத்தும் சின்ன முதலாளிகளிடம் வேலை பார்க்கும் டிரைவர்கள் அந்தக் கணக்குக்குள் வருவது முன்னைவிடக் கஷ்டம்.

கோர்ட்டு கேட்ட கேள்வி

சாலைப் பாதுகாப்பு பற்றி உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக ஒரு பொதுநல வழக்கு நடந்து வருகிறது. 2012-ல் அதைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன்.

அந்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. டிரைவர்களுக்கு 8 மணி நேரம் என்று சட்டத்தில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவர என்ன வழி என்று கூடிப் பேசும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் சொன்னது.

சட்டம் வந்து 64 வருடம் கழித்தும், அதை நடத்துவது எப்படி என்று பேசவேண்டிய நிலை!

ஐரோப்பிய நாடுகளில் கனரக லாரியில் ஒரு கருவி பொருத்தி இருக்கிறார்கள். டிரைவர் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார், எங்கே நிறுத்தினார், எவ்வளவு நேரம் ஓய்வு எடுத்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். மீறினால் அபராதம்.

நம் ஊரில் லாரியை நிறுத்தும் அதிகாரி ஆர்.சி. கேட்பார். இன்சூரன்ஸ் கேட்பார். எப்.சி. கேட்பார். "நீ எப்போது தூங்கினாய்?" என்று கேட்பவர் உண்டா?

இரண்டாவது டிரைவர் எங்கே?

தேசிய பர்மிட் முறை 1975-ல் வந்தது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் படுத்துத் தூங்க.

2018-ல் மத்திய அரசு அந்த விதியை எடுத்துவிட்டது. இரண்டு டிரைவர் கட்டாயம் இல்லை என்று அறிவித்தது.

இரண்டாவது டிரைவர் அதற்கு முன்பே பல வண்டிகளில் காகிதத்தில் மட்டும்தான் இருந்தார் என்பது லாரிக்காரர்களுக்குத் தெரியும். பேட்டா, சாப்பாடு, சம்பளம் எல்லாம் இரட்டிப்பு ஆகும் என்று முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தபோது, "இன்னொரு ஆள் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்க டிரைவருக்கு வாய் இருந்தது. விதி போனதும் அந்த வாயும் போயிற்று.

அதே நேரத்தில் பர்மிட் விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. முன்பு தேசிய பர்மிட் என்றால் குறைந்தது நான்கு மாநிலங்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரி கட்டவேண்டும். 2010 மே மாதம் முதல் ஒரே கட்டணம், நாடு முழுவதும் போகலாம் என்று ஆனது. முதலில் வருடத்துக்கு ரூ.15 ஆயிரம், பிறகு ரூ.16,500.

பாரம் கூடியது, அபராதமும் கூடியது

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தியது.

முன்னால் இரண்டு, பின்னால் நான்கு சக்கரம் உள்ள இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னில் இருந்து 18.5 டன் ஆனது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன், 28.5 டன் ஆனது. ஐந்து அச்சு வண்டிக்கு 37 டன், 43.5 டன் ஆனது. வண்டி, சரக்கு, டீசல், டிரைவர் எல்லாம் சேர்ந்த எடை இது.

"இனி ஓவர்லோடு பேச்சே இருக்காது" என்று நினைத்தார்கள். ஆனால் ஆசை அச்சுக்குள் அடங்குமா?

அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்தது. 2019 செப்டம்பர் 1-ந் தேதி முதல் அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. மாநிலங்கள் பல தயங்கி நின்றன. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன.

ஓவர்லோடுக்கு என்ன கணக்கு? ஒரு உதாரணம் பார்ப்போம்.

18.5 டன் போகவேண்டிய லாரி 23.5 டன் எடையோடு பிடிபடுகிறது. 5 டன் அதிகம்.

பழைய சட்டப்படி: ரூ.2 ஆயிரம். அதோடு டன்னுக்கு ஆயிரம் வீதம் ரூ.5 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.7 ஆயிரம்.

புதிய சட்டப்படி: ரூ.20 ஆயிரம். அதோடு டன்னுக்கு 2 ஆயிரம் வீதம் ரூ.10 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.30 ஆயிரம்!

பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. அதிகப்படி பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகரலாம். எடைமேடைக்கு வர மறுத்தாலோ, நிற்காமல் போனாலோ ரூ.40 ஆயிரம்.

ஒரு காலத்தில் சில மாநிலங்களில், பணம் கட்டினால் ஓவர்லோடுக்குச் சீட்டு கொடுக்கும் பழக்கம் இருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

லைசென்சு யாருடையது?

லாரி செட்டுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: "முதலாளி ஏத்தச் சொல்லுதாவ, ஏத்துதோம். கேஸ் வந்தா நம்ம லைசென்சுல்லா போவுது!"

அதில் நியாயம் இருக்கிறது.

அபராதப் பணத்தை முதலாளி கட்டிவிடலாம். ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. அதிக வேகம், சிவப்பு விளக்கை மீறுதல், ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுதல் – இந்தக் குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்சை முடக்கவேண்டும் என்பதே அந்த உத்தரவு.

3 மாதம் லைசென்சு இல்லாத டிரைவர் என்ன செய்வார்? வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? முதலாளி வேறு டிரைவரைப் போட்டு வண்டியை ஓட்டிக்கொள்வார்.

ஆனால் சட்டத்தைக் கவனமாகப் படித்தால் வேறு ஒரு செய்தி தெரியும். ஓவர்லோடு பற்றிய 194-வது பிரிவு டிரைவரை மட்டும் பிடிக்கவில்லை. ஓட்டியவர், ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்று மூன்று பேரைச் சொல்கிறது. லோடு ஏற்றச் சொன்ன முதலாளியும் சட்டத்தின் கைக்கு எட்டக்கூடியவர்தான். கை நீட்டவேண்டியது அதிகாரிகள்!

ஆற்று மணல் போய், எம்.சாண்ட் வந்தது

நெல்லை டிரைவர்களுக்கு இன்னொரு தொல்லை கனிமவள லாரிகள்.

2010 டிசம்பரில் மதுரை ஐகோர்ட்டு கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. வழக்குப் போட்டு, கோர்ட்டில் தாமே வாதாடியவர் ஸ்ரீவைகுண்டத்தைச் சேர்ந்த முதுபெரும் தலைவர் ஆர்.நல்லகண்ணு.

மணல் நின்றது. குவாரிகள் பெருகின. எம்.சாண்ட், ஜல்லி, பாறைக்கல் ஏற்றிய லாரிகள் தென்காசி, புளியரை வழியாகக் கேரளாவுக்கு வரிசை கட்டின. ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். ரோடு போச்சு, தூசி பறக்குது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்க முடியலை என்று புகார் சொன்னார்கள். புகார் நியாயம்தான். ஆனால் மறியலில் கல்லடி படும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் குவாரி முதலாளி அல்ல, டிரைவர்.

கனிமம் ஏற்றும் லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். நடைச்சீட்டு இல்லாமலோ, போலிச் சீட்டோடோ பிடிபட்டால் மத்திய கனிமவளச் சட்டப்படி 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு. லாரியும் பறிமுதல் ஆகலாம்.

2022 மே 14-ந் தேதி ராத்திரி முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்ததை நெல்லை மறக்காது. ஆறு பேர் உள்ளே சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். சிக்கியவர்களில் லாரி டிரைவர்களும் இருந்தார்கள். ராத்திரி நேரத்தில் 300 அடிப் பள்ளத்துக்குள் லோடு ஏற்றப் போனவர்கள் அவர்கள். எட்டு மணி நேரச் சட்டம் அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

லோடு என்ன என்று பார்!

2024 டிசம்பரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவுகள் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது பெரிய பரபரப்பை உண்டாக்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 3 நாளில் அள்ளவேண்டும் என்று கேரளாவுக்கு உத்தரவு போட்டது. டிசம்பர் 22-ந் தேதி கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதைத் தொடர்ந்து 2025-ல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தையே திருத்தியது. மருத்துவக் கழிவைச் சட்ட விரோதமாகக் கொட்டுபவர்களையும் அந்தச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைக்கலாம்.

"வரும்போது காலியாத்தானே வரணும், ஏதோ மூட்டை, ஏத்திட்டு வா" என்று யாராவது சொன்னால் டிரைவர் யோசிக்கவேண்டும். தார்ப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டினேன் என்று சொன்னால் தப்ப முடியாது.

செக்போஸ்ட் போச்சு, செல்போனில் வந்தது

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. புளியரையில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் முடிந்தது.

அதற்குப் பதில் இ-வே பில் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் 2018 ஏப்ரல் 1 முதல். தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் 2 முதல். வெளிமாநிலச் சரக்கு ரூ.50 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் ரூ.1 லட்சத்துக்கு மேல்.

இதில் டிரைவர் தெரிந்துகொள்ளவேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. முதலில் 100 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லுக்கு ஆயுள் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. வண்டி வழியில் நின்றுபோனால் பில் காலாவதி ஆகும். காலாவதி ஆவதற்கு முன் 8 மணி நேரத்திலும், ஆன பின் 8 மணி நேரத்திலும் அதை நீட்டிக்கொள்ளலாம். தவறினால் சரக்கும் வண்டியும் நிற்கும். வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம்.

ஆக்சில் உடைந்து கோவில்பட்டியில் நிற்கும் லாரிக்கும் அவசரம். அந்த அவசரம்தான் ராத்திரி தூக்கத்தைப் பறிக்கிறது.

டோல்கேட்டிலும் மாற்றம். 2021 பிப்ரவரி நடுவில் இருந்து எல்லா வரிசையிலும் பாஸ்டாக் கட்டாயம் ஆனது.

போலீஸ் கேசும் இப்போது போட்டோவில் வருகிறது. எங்கேயோ ஒரு கேமரா படம் பிடிக்கும். முதலாளி செல்போனுக்கு மெசேஜ் போகும். அவர் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பார். இப்படிப் படம் பிடித்துப் போடும் கேசுக்கு, குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும், கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்று 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி சொன்னது. ஆர்.சி.யில் பழைய செல்போன் நம்பர் இருந்தால் நோட்டீஸ் வந்ததே தெரியாது. நம்பரை மாற்றிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

ஓடினால் 10 ஆண்டு?

2024 ஜனவரி 1, 2 தேதிகளில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றது நினைவிருக்கலாம். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முண்டியடித்தது. காரணம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா.

பழைய சட்டத்தில் கவனக்குறைவால் உயிர் போனால் அதிகபட்சம் 2 ஆண்டு. புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு. விபத்து நடந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை!

"நின்னா சனங்க அடிச்சே கொல்லுவாவ, ஓடினா சர்க்கார் பத்து வருசம் உள்ள போடுது. நாங்க என்னதான் செய்ய?" – டிரைவர்களின் கேள்வி இதுதான்.

போராட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு இறங்கி வந்தது. லாரி உரிமையாளர் சங்கத்தோடு பேசிய பிறகே அமல்படுத்துவோம் என்றது. 2024 ஜூலை 1-ந் தேதி நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, 10 ஆண்டு பற்றிய அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு டிரைவர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது அது. கூடவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் தவிர என்றும் சொல்கிறது. அடிக்குப் பயந்து அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் சட்டம் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் அடுத்த போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லவேண்டும். அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். நகர்வது வேறு, மறைவது வேறு.

108-க்குப் போன் போடவும் தயங்கவேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 முதல் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்ற கேள்வி இல்லை. டிரைவருக்கும் அது பொருந்தும்.

லைசென்சில் வந்த மாற்றங்கள்

லாரி லைசென்சுக்கு 8-ம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்று இருந்த விதியை 2019-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. படிக்காதவரும் டெஸ்டில் தேறினால் லைசென்சு உண்டு. வயது 20 ஆகியிருக்கவேண்டும். அதற்கு முன் ஒரு வருடமாவது இலகு ரக லைசென்சு வைத்திருக்கவேண்டும்.

3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த லைசென்சு 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி 5 ஆண்டு ஆனது. கியாஸ், ஆசிட் போன்ற அபாயச் சரக்கு ஓட்டுபவர்களுக்கு ஓர் ஆண்டு என்பது 3 ஆண்டு ஆனது.

ஆனால் கவனம்! பழைய சட்டத்தில் காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை இருந்தது. திருத்தத்தில் அது போய்விட்டது. காலாவதி ஆன மறுநாளே லைசென்சு செல்லாது. அன்றைக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். காலாவதி ஆகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட் போடவேண்டும்.

மினி லாரி, லோடு ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்சு வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் பெஞ்ச் 2024 நவம்பர் 6-ந் தேதி தீர்ப்புச் சொன்னது.

காகிதக் கட்டும் குறைந்திருக்கிறது. ஆர்.சி., லைசென்சு முதலியவற்றைச் செல்போனில் டிஜிலாக்கர் மூலம் காட்டலாம். 2018 நவம்பரில் வந்த விதி இது. பேப்பர் நகல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க அதிகாரிக்கு உரிமை இல்லை.

ஏ.சி. வந்தது, தூக்கம்?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். இதற்கான அறிவிப்பு 2023 டிசம்பரில் வந்தது.

நெல்லை சித்திரை வெயிலில் என்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். நல்ல விதி. ஆனால் புது வண்டிக்குத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்கு இல்லை.

இத்தனை விதிகளையும் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். டிரைவரைத் தண்டிக்கும் விதிகளுக்கு கேமரா இருக்கிறது, எடைமேடை இருக்கிறது, ரசீது இருக்கிறது. டிரைவரைக் காக்கும் விதி ஒன்றே ஒன்று – 8 மணி நேரம். அதற்கு கேமராவும் இல்லை, ரசீதும் இல்லை.

காரணம் ஒன்றும் ரகசியம் அல்ல. பல டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. நடை கூடினால் காசு கூடும். தூங்கினால் காசு குறையும். சம்பளக் கணக்கு இப்படி இருக்கும் வரை, டெல்லியில் என்ன சட்டம் போட்டாலும் விடியக்காலை 3 மணிக்குக் கயத்தாறு ரோட்டில் கண் சொருகத்தான் செய்யும்.

செய்யவேண்டியது என்ன?

டிரைவர்கள் செய்யக்கூடியது: அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாடு அரசின் நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிந்துகொண்டால் விபத்து மரணம், பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், ஓய்வூதியம் இவற்றுக்கு உதவி கிடைக்கும். பதியாமல் இருப்பது கையில் வந்ததைத் தள்ளுவது.

முதலாளிகள் செய்யக்கூடியது: சென்னை, பெங்களூரு நடைக்கு இரண்டு டிரைவர். விதி போனாலும் புத்தி போகவேண்டாம். ஒரு விபத்தில் போகும் பணத்துக்கு எத்தனை வருட பேட்டா கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் போதும்.

கடைக்காரர்கள் செய்யக்கூடியது: "காலைல ஆறு மணிக்கு லோடு வரலைன்னா வேண்டாம்" என்று போனில் கத்துவதை விட்டு, ஒன்பது மணிக்கு வாங்கிக்கொள்வது. அந்த 3 மணி நேரம் ஒரு மனிதனின் தூக்கம்.

அரசு செய்யக்கூடியது: கயத்தாறில் இருந்து நாங்குநேரி வரை, புளியரையில் இருந்து தூத்துக்குடி வரை, லாரியைப் பயமில்லாமல் நிறுத்தி, குளித்து, இரண்டு மணி நேரம் கண் அயர இடம் வேண்டும். டீசல் திருட்டும் தார்ப்பாய் திருட்டும் நடக்காத இடமாக அது இருக்கவேண்டும். எடைமேடையில் பாரத்தைப் பார்க்கும் அதிகாரி, டிரிப் ஷீட்டில் நேரத்தையும் பார்க்கவேண்டும்.

லாரிக்கு எத்தனை டன் தாங்கும் என்று அரசுக்குத் தெரிகிறது. மனிதனுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் 1961-லேயே சட்டத்தில் எழுதியாயிற்று.

எழுதியதை நடத்திக்காட்டப் போவது யார்? எப்போது?